நான் பேசாமல் இருந்த மே மாதம்

மே 3, சனி

நாட்குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. பேச முடியாத நாட்களில் எழுதினால் மனசுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் ஆரம்பிக்கிறேன். ஆசிரியை என்பதால் முறைப்படி ஆரம்பிப்போம்.

என் பெயர் சண்முகவடிவு. பாளையங்கோட்டையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் சிதம்பரநாதன் தபால் அலுவலகத்தில் இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றார். ஒரே மகள் மதிவதனி. மின்னியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை.

குரல்நாணில் இருந்த முடிச்சை எடுத்துவிட்டு இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலி அதிகம் இல்லை. மிளகு பட்டதுபோல ஓர் எரிச்சல், அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க வகுப்பில் வாய்பாடு கத்தியவர்களுக்கு வருகிற முடிச்சாம் அது. டாக்டர் ஷெரின் கண்டிப்பாகச் சொன்னார். இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுவென்றும் கூடாது, அது இன்னும் கெடுதல்.

"மறந்து பேசிட்டா என்ன ஆகும் டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"புண்ணு ஆறாது. பழைய குரல் வராமலே போகலாம்," என்றார்.

பேசாமல் இருப்பது எனக்கொன்றும் பெரிய காரியமில்லை. இயல்பிலேயே நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. இதைச் சிலேட்டில் எழுதி இவரிடம் காட்டினேன். இவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு வெந்நீர் வைக்கிறேன் என்று அடுக்களைக்குள் போய்விட்டார். போகும்போது தோள் குலுங்கியது. இவருக்கும் வயதாகிறது.

மே 4, ஞாயிறு

மாடியில் குடியிருப்பவர்கள் இறங்கி வந்து விசாரித்தார்கள். "டீச்சருக்கு உடம்பு சரியில்லையா? நேத்துலேருந்து சத்தத்தையே காணோம்," என்றார்களாம். எந்தச் சத்தம் என்று தெரியவில்லை.

கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுகிறேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பியதற்கு, கேட் திறந்து கிடந்ததற்கு, இவர் ஈரத்துண்டை நாற்காலியில் போட்டதற்கு, பத்திரிகையை மடிக்காமல் வைத்ததற்கு என்று இன்று கொஞ்சம் அதிகமாகவே தட்ட வேண்டியிருந்தது. உள்ளங்கை சிவந்துவிட்டது.

மே 5, திங்கள்

இவர் பேச ஆரம்பித்திருக்கிறார்.

கல்யாணமான நாளிலிருந்து இவரை நான் வாய் செத்த மனிதர் என்றே நினைத்திருந்தேன். இன்று காலை காபியோடு உட்கார்ந்தவர், தபால் பைக்குள் ஒரு பூனை குட்டி போட்டு, அலுவலகமே கூடிப் பார்த்த கதையைச் சொன்னார். சப் போஸ்ட்மாஸ்டரின் குரலில் பேசிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்து, சிரிக்கவும் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று எழுதிக் காட்டினேன்.

"சொன்னேன் வடிவு. பாதியிலே நீ வேற கதை சொன்னே. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

இவருக்கு உளுந்தங்களி பிடிக்காது என்பதும் இன்றுதான் தெரிந்தது. வாரம் தவறாமல் செய்து போடுகிறேன். தட்டைக் காலி செய்துவிட்டுத்தானே எழுந்திருக்கிறார்!

மே 6, செவ்வாய்

வதனி சென்னையில் இருந்து காலை ரயிலில் வந்துவிட்டாள். என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரம் விடுப்பாம். அதற்காகப் பீரோவையே காலி செய்துகொண்டு வந்ததுபோல இரண்டு பெரிய பெட்டிகள். என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

என் மகள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. அவளைத் தோழிபோல வளர்த்தேன். எதையும் திணித்ததில்லை. பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவு எடு என்றேன், எடுத்தாள். மின்னியல் படி என்றேன், படித்தாள். சென்னை வேலை நல்லது என்றேன், போனாள். எல்லாம் அவள் விருப்பப்படிதான்.

மே 7, புதன்

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். வதனி ஒரு தலையணை உறையை மூன்று தரம் மடித்துப் பிரித்தாள்.

"ம்மா, ஒண்ணு சொல்லணும். நீ பேச முடியாத நேரமாப் பாத்துச் சொல்லுதேன்னு நெனச்சுக்காத." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அப்படியும் நெனச்சுக்கோ," என்றாள்.

ரயில்வேத் தேர்வு எழுதியிருக்கிறாள். தேறிவிட்டாள். உதவி லோகோ பைலட். எஞ்சினில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்கிற வேலை. சில வருஷத்தில் அவளே ஓட்டுவாளாம். கண் பரிசோதனை, உடல் பரிசோதனை எல்லாம் முடிந்துவிட்டது. ஜூனில் திருச்சியில் பயிற்சி. கம்பெனி வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

சிலேட்டை எடுத்தேன். கோபத்துக்கு எழுத்து சரிப்படாது என்று இன்று தெரிந்துகொண்டேன். 'ஏன்' என்று எழுதிக் கேள்விக்குறி போடுவதற்குள் கோபத்தின் முனை மழுங்கிவிடுகிறது. நான் 'பெண் பிள்ளை' என்று எழுதி முடிப்பதற்குள், "ஏற்கெனவே நிறையப் பொண்ணுங்க ஓட்டுதாங்கம்மா," என்று பதில் வந்துவிட்டது. 'ராத்திரி' என்றேன். "ராத்திரி ட்யூட்டி உண்டு," என்றாள். எழுதுவதற்கு முன்பே என் கேள்விகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தன.

அப்பாவுக்குத் தெரியுமா என்று எழுதினேன்.

வாசல்படியில் நின்றுகொண்டிருந்த இவர்தான் பதில் சொன்னார். "உடல் பரிசோதனைக்கு நான்தான் கூடப் போனேன் வடிவு."

மதுரையில் சிநேகிதர் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று சொல்லிவிட்டுப் போனீர்களே!

"கிரகப்பிரவேசம் இருந்தது நெசம். நான் அங்க போகல."

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

இவர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். "சொன்னா நீ பேசுவே. நீ பேசினா அவ கேட்டுருவா. அதான்," என்றார்.

சிலேட்டைத் துடைத்தேன். அதன்பிறகு எதுவும் எழுதவில்லை.

மே 8, வியாழன்

வதனி இடியாப்பம் செய்தாள். நன்றாக இருந்தது. சைகையில்கூடச் சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

நான் பழைய காலத்து ஆள் இல்லை. பள்ளியில் பெண் குழந்தைகளிடம், விமானம் ஓட்டலாம், கப்பல் ஓட்டலாம் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்! அதை முழு மனதோடுதான் சொன்னேன். ஆனால் விமானம், கப்பல் என்று சொன்னபோது ஒரு தரமும் வதனியின் முகம் என் மனதில் வரவில்லை.

பேச முடிந்தால் என்ன சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். பல்லியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறுகிற பிள்ளை நீ, உனக்கு எதற்கு இந்த வேலை? தண்டவாளத்தில் மாடு நிற்கும், சில நேரம் மனுஷரே நிற்பார்கள், அதைப் பார்த்துவிட்டு உன்னால் சோறு தின்ன முடியுமா? நேரங்காலம் இல்லாமல் ஊர் ஊராகத் திரிகிறவளை எவன் கட்டிக்கொள்வான்? நல்ல நாள் பொல்லாத நாள் எதற்காவது வீட்டில் இருப்பாயா? எல்லாம் நியாயமான கேள்விகள். சொல்லத்தான் குரல் இல்லை.

மத்தியானம் இவரிடம், சங்கரன்கோவில் மதினியை வரச் சொல்லுங்கள் என்று எழுதிக் காட்டினேன். ஆவுடை மதினி இவருடைய அக்கா. இவர் திகைத்துப் போனார். "அக்காவையா? நீயா கூப்பிடுதே?" என்றார். சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கும் என்று எழுதினேன். வதனிதான் நன்றாகச் சமைக்கிறாளே என்றார். பாவம், அவளும் ஓய்வெடுக்கட்டும் என்றேன்.

மதினி எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள். வதனியிடம் அவருக்குப் பிரியம் அதிகம். மற்றபடி அவரை அழைப்பதற்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமில்லை.

அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில், நான் அரைத்து வைத்த தேங்காய்ச் சட்னியை எல்லோர் முன்னாலும் மறுபடி மிக்ஸியில் போட்டு, இரண்டு மிளகாயும் கொஞ்சம் பொரிகடலையும் சேர்த்து அரைத்தார். அன்று நான் கட்டியிருந்தது அரக்குப் புடவை. அதையெல்லாம் நான் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

மே 10, சனி

மதினி வந்துவிட்டார். ஒரு கட்டைப்பை நிறைய முருங்கைக்காய், மோர் மிளகாய், நுங்கு. உள்ளே நுழைந்ததும் என் கன்னத்தைத் தடவி, "பாவி மக, வாயக் கட்டிப் போட்டுட்டாங்களே உன்னைய," என்று கண் கலங்கினார். அடுத்த நிமிஷம் அடுக்களைக்குள் போய் மசாலா டப்பாக்களை வேறு வரிசையில் மாற்றி வைத்தார். எனக்கு ஒன்றுமில்லை. அவர் குளிக்கப் போனபோது பழையபடி வைத்துவிட்டேன்.

மே 12, திங்கள்

முருங்கைக்காய்ப் புளிக்குழம்பு. மதினியின் கைப்பக்குவம் நன்றாகத்தான் இருக்கிறது. புளி ஒரு பிடி அதிகம்.

அத்தையிடம் விஷயத்தை இன்னும் சொல்லவில்லையா என்று வதனியிடம் எழுதிக் கேட்டேன். "சொல்லணுமாம்மா?" என்றாள். பெரியவர்களிடம் மறைப்பது தப்பு என்று எழுதி, தப்பு என்பதன் அடியில் கோடு போட்டேன். வதனி என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சரிம்மா," என்றாள்.

மே 13, செவ்வாய்

சாயங்காலம்தான் எழுத உட்கார்ந்தேன்.

மத்தியானச் சாப்பாடு. மதினி பரிமாறிக்கொண்டிருந்தார். வதனி சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"ரயிலா? டிக்கெட்டு குடுக்கிற வேலையா?" என்றார் மதினி.

"இல்ல அத்தே. எஞ்சின்ல. ஓட்டுத வேலை."

"யாரு ஓட்டுவா?"

"நான்தான்."

மதினி கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டார். பிறகு ஆரம்பித்தார். "ஏட்டி, பல்லியப் பாத்தா கட்டில்ல ஏறுத கழுத நீ. நீ ரயில் ஓட்டப் போறியா?"

எனக்கு நெஞ்சு லேசாயிற்று. உள்ளதைச் சொல்ல வேண்டும். நான் நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்தேன்.

"குறுக்க மாடு வரும். மனுசன் வந்து விழுவான். அதக் கண்ணால பாத்துட்டு ஒரு வாய்ச் சோறு எறங்குமா உனக்கு? ராவா பகலா ஊரு ஊராத் திரிஞ்சா எவன் கெட்டிக்கிடுவான் உன்னைய? தீபாவளி பொங்கலுக்கு வீட்ல இருப்பியா?"

ஒவ்வொன்றும் என் வாக்கியம். நான் வெள்ளிக்கிழமை யோசித்து வைத்த வரிசை மாறாமல் அப்படியே வந்தது. மதினிக்கும் எனக்கும் ஒரே மனசா என்று நினைத்தபடி நிமிர்ந்து வதனியைப் பார்த்தேன்.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. மோர்ச் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு பருக்கை விடாமல் தள்ளிவிட்டு, வெறும் தட்டின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மூடிக்கொண்டே வந்தது. இன்னும் இரண்டு வாக்கியம் போனால் 'சரி, போகல' என்று சொல்லிவிடுகிற முகம் அது. இருபத்தைந்து வருஷமாக என்னோடு இருக்கிற பிள்ளை, இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. பேசிக்கொண்டே இருக்கிறவர்கள் எதிரில் இருக்கிற முகத்தைப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

"வடிவு வாயத் தொறக்க முடியாமக் கெடக்கா," என்றார் மதினி. "அதான் நீங்க அப்பனும் மகளும் ஆடுதிய. அவ வாயத் தொறந்தா இதைத்தான் சொல்லுவா. அவ மனசு எனக்குத் தெரியாதா?"

"ஓட்டட்டும்."

யார் சொன்னது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். துருப்பிடித்த கேட்டைத் தள்ளியதுபோல ஒரு சத்தம். தொண்டையில் நெருப்பு பட்டதும்தான் தெரிந்தது. மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தரமும் வந்தது. "அவ ஓட்டட்டும் மதினி."

"பேசாத!" என்று இவர் கத்தினார். "ம்மா, பேசாத!" என்று வதனி எச்சில் கையோடு என் வாயைப் பொத்தினாள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது மதினிதான். "ஐயோ பேசாத தாயி, தொண்ட போயிரும், அவ எந்த ரயிலையும் ஓட்டிக்கிடட்டும், நீ பேசாத!" என்று அழுதுகொண்டே வெந்நீருக்கு ஓடினார்.

மே 14, புதன்

டாக்டர் ஷெரின் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். வீக்கம் இருக்கிறதாம். "எத்தனை வார்த்தை பேசினீங்க?" என்று கேட்டார். நாலு விரலைக் காட்டினேன். "அப்படி என்ன தலைபோற விஷயம்?" என்றார். மகள் ரயில் ஓட்டுவது பற்றி என்று இவர் சொன்னார். டாக்டர் குழாயை எடுத்து வைத்துவிட்டு, "அதைச் சிலேட்டிலேயே எழுதியிருக்கலாம்ல மேடம்?" என்றார்.

எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் 'ஓட்ட வேண்டாம்' என்றுதான் எழுதியிருப்பேன்.

இன்றிலிருந்து இன்னும் ஒரு வாரம் முழு மௌனம். குரல் பழையபடி வருமா என்று கேட்டு எழுதினேன். "பார்ப்போம்," என்றார்.

மே 15, வியாழன்

காலை முழுக்க இதையேதான் யோசித்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

வதனியின் முகத்தைப் பார்த்து மனசு இளகிச் சொன்னேன் என்று முதலில் நினைத்தேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் அந்தச் சொல் வந்தது முகத்தைப் பார்த்தபோது அல்ல. அவ மனசு எனக்குத் தெரியாதா என்று மதினி சொன்னபோதுதான் வந்தது. அப்படியானால் மகளுக்காகச் சொன்னேனா, மதினியை மறுப்பதற்காகச் சொன்னேனா? அவர் ஓட்டட்டும் என்று சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்று கத்தியிருப்பேனோ? மதினி சொன்னது முழுக்க உண்மை என்பதுதான் இதில் பெரிய கூத்து. என் மனசில் இருந்ததைத்தான் சொன்னார். அதை அவர் சொல்லக் கேட்டதும் அது என் மனசாக இல்லாமல் போய்விட்டது.

இதையெல்லாம் எழுதி இவரிடம் காட்டினேன். சிலேட்டின் இரண்டு பக்கமும் போதாமல் நோட்டில் எழுத வேண்டியிருந்தது. இவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே படித்தார்.

"ரெண்டுமே இருக்கட்டுமே," என்றார்.

நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

"எனக்கா? கல்யாணமான நாள்லேருந்து நீ அடுத்து என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரிஞ்சதே இல்ல வடிவு. தெரிஞ்சிருந்தா அலுத்திருக்கும்லா?"

கீரைக் காம்பு ஒன்றை என் தலையில் போட்டுவிட்டு எழுந்து போனார்.

அப்புறம் வதனியிடம், நான் ஒரு சர்வாதிகாரி, எனக்கு இப்போதுதான் தெரிகிறது, உன்னை வாய் திறக்கவிடாமல் வளர்த்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாள்.

"ம்மா, ரொம்பப் போகாத. ஒம்பதாங்கிளாஸ்ல எங்க பி.டி. மாஸ்டர் பொண்ணுங்களுக்கு கபடி கிடையாதுன்னு சொன்னப்ப, நீ வந்து பேசின பேச்சுல அவரே கோடு போட்டுக் குடுத்தாரு. அப்பவும் இதே வாய்தானம்மா. அதுவும் நீதான், இதுவும் நீதான்."

கபடி விஷயம் எனக்குச் சுத்தமாக நினைவில் இல்லை.

மே 18, ஞாயிறு

மதினி ஊருக்குக் கிளம்புவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. காலை வெயிலில் மொட்டைமாடியில் இருவரும் கூழ் வத்தல் ஊற்றினோம். கூழ் நான் காய்ச்சியது.

மதினி இரண்டு வரிசை ஊற்றி முடித்தார். பிறகு, "எஞ்சின்ல அவ எந்தப் பக்கம் உக்காருவா?" என்று கேட்டார்.

தெரியாது என்று கையை விரித்தேன்.

"உள்ள மின்விசிறி இருக்குமா? ஒண்ணுக்குப் போகணும்னா என்ன செய்வா? கேட்டு வை. நான் கேட்டா இன்னும் திட்டுதேன்னு நெனப்பா."

மனசு நன்றாக இருந்தது. இதுதான் சமயம் என்று, கரித்துண்டால் தரையில் அந்தச் சட்னி விஷயத்தை எழுதினேன். மதினி குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். முகத்தில் உண்மையான ஆச்சரியம்.

"நானா? சட்னியவா? சேச்சே. யாரு சமையல்லயும் நான் கைவைக்க மாட்டேன் வடிவு. அது எனக்குச் சுபாவமே கிடையாது. வேற யாரையோ நெனச்சுக்கிட்டுச் சொல்லுதே."

சொல்லிக்கொண்டே கூழை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, பக்கத்தில் இருந்த கிண்ணத்தில் இருந்து இரண்டு விரல் உப்பை எடுத்துப் போட்டுக் கலக்கினார்.

சிரிப்பை அடக்க முடியவில்லை. சத்தம் வராமல் சிரித்ததில் வயிறு வலித்தது. "என்னட்டீ சிரிக்கே?" என்று அவரும் காரணம் தெரியாமலே சிரித்தார். இவ்வளவு நாள் இந்த அம்மாவை நினைத்து நான் மனசுக்குள் வழக்கு நடத்தியிருக்கிறேன். எதிர்த்தரப்பு வழக்கு நடப்பதே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.

அவர் போட்ட பிறகு உப்பு சரியாகத்தான் இருந்தது. இப்போதுதான் அதை எழுதுகிறேன். அவரிடம் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெதுவாக, ஒரு நாளைக்குக் கொஞ்சமாக. குரல் பயிற்சி தருகிற பெண் என்னை "அ... ஆ..." சொல்ல வைத்து, போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினாள். யாரோ ஒரு ஆண் பேசுவதுபோல இருந்தது. "பழைய குரல் முழுசா வராது ஆன்ட்டி, இதுவே கொஞ்சம் தெளிவாகும்," என்றாள். அந்த நாலு வார்த்தையால்தானா என்று கேட்டேன். அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாமாம்.

என் பழைய குரல் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. உலகத்தில் அதைச் சரியாகக் கேட்காத ஒரே ஆள் நான்தான்.

வருத்தமாக இருக்குமென்று நினைத்தேன். வீட்டுக்கு வருகிற வழியில் இவரிடம் ஒரு பேருந்து நிறுத்த தூரத்துக்குப் பேசினேன். "நல்லாருக்கு. ரேடியோ நாடகத்துல வர்ற போலீஸ்காரர் மாதிரி," என்றார். வருத்தம் அங்கேயே இறங்கிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

வதனியைத் திருச்சி ரயிலில் ஏற்றிவிட்டோம். மதினியும் வந்திருந்தார். நடைமேடையின் கோடி வரை நடந்துபோய் எஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "படி உசரமா இருக்கு, சேலை கெட்டிக்கிட்டு ஏற முடியாது," என்று தீர்ப்புச் சொன்னார்.

எனக்குப் பயம் போகவில்லை. வண்டி நகரும்போது 'வேண்டாம், இறங்கிவிடு' என்று சொல்லத் தோன்றியது. தோன்றியதோடு சரி. வதனி ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்து, "சொல்லும்மா, என்ன?" என்றாள். "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்றேன். எடுத்துக்கொண்டாளாம்.

நாளை பள்ளியில் ஆறாம் வகுப்பு. குரலை உயர்த்தக்கூடாது என்பதால், பிள்ளைகள் சத்தம் போட்டால் நான் நிறுத்திவிட்டு நிற்பதாகத் திட்டம். சாத்தியமா என்று தெரியவில்லை. நான் பொறுமைசாலி என்று எழுத வந்தேன். எழுதவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பள்ளி, வீடு, வேலை என்று இதை எடுக்கவே இல்லை. பேச முடிகிறபோது எழுத்து எதற்கு?

இன்று எழுதக் காரணம் உண்டு. காலையில் வதனி போன் செய்தாள். பயிற்சியின் ஒரு பகுதியாக நேற்று முதல் தடவை சரக்கு ரயில் எஞ்சினில் ஏறிப் போயிருக்கிறாள். மூச்சு வாங்கியபடி சொன்னாள்.

"ம்மா, சிக்னல் தெரிஞ்சதும் நான் கையக் காட்டி என்ன வெளிச்சம்னு சத்தமாச் சொல்லணும், டிரைவர் அதத் திருப்பிச் சொல்லணும். எஞ்சின் எரைச்சல்ல அவருக்குக் கேக்கணும்லா? முத சிக்னலுக்கு எனக்குச் சத்தமே வரல. காத்துதான் வந்துச்சு. அவரு திரும்பி மொறைக்காரு. ரெண்டாவது சிக்னலுக்கு ஒரு சத்தம் போட்டேன் பாரு, 'பச்சை'ன்னு... எனக்கே தூக்கிவாரிப் போட்டுடுச்சு. அந்த மனுசன் காதப் பொத்திக்கிட்டாரு. 'யம்மா, பின்னாடி கடைசிப் பெட்டியில இருக்கிற கார்டுக்கே கேட்டிருக்கும்'ங்காரு."

சிரித்தாள். பிறகு கொஞ்சம் நிதானித்து, "அது என் குரலே இல்லம்மா. உன் குரல். உன் பழைய குரல். மூணாவது சிக்னல்லேருந்து எனக்குப் பயமே இல்ல," என்றாள்.

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். "ம்மா? லைன்ல இருக்கியா?" என்று மூன்று தரம் கேட்டாள். "இருக்கேன்," என்றேன் என் போலீஸ்காரர் குரலில்.

இவர் கடைக்குப் போயிருந்தார். வந்ததும் பையைக்கூட வாங்காமல் வாசலிலேயே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு நேரம் சொன்னேன் என்று தெரியவில்லை. பையில் இருந்த பால் பாக்கெட்டின் குளிர்ச்சி போயிருக்கும். இவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

"நம்ம வதனியா?" என்றார் கடைசியில். "அவ சத்தமாவே பேசமாட்டாளே!"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றேன். "அவளும் அப்படித்தான் நெனச்சிருக்கா."

இவர் பையைக் கீழே வைத்துவிட்டு மதினிக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே மதினி எடுத்துவிட்டார். போன் என் கைக்கு வந்தது. நான் முதலில் இருந்து ஆரம்பித்தேன்.